கைநாட்டு யாருடையது? மறதி நோய் கண்ட பின் மலையகக் குடும்பத்தின் முன்னுள்ள வழிகள்

என் பெரியம்மா இலங்கையின் மலையகத்தில் முப்பத்தொரு வருடங்கள் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியை மாதந்தோறும் தாமே டவுனுக்குச் சென்று எடுத்து வருவார். அவருக்கு வந்திருப்பது அல்ஸைமர் வகை மறதி நோயின் ஆரம்ப நிலை என்று வைத்தியர் சொன்ன பிறகு, முதன்முறையாக அவரோடு நானும் வங்கிக்குச் சென்றேன். கருமபீடத்தில் இருந்த இளைஞர் பெரியம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு விளங்குமா?" என்று கேட்டார். "காது நல்லாக் கேக்குது தம்பி, என்கிட்டயே கேளுங்க" என்றார் பெரியம்மா. அன்றைய திகதி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் தமது மூன்று பிள்ளைகளில் எவன் கையில் அந்த வங்கிப் புத்தகம் போகக் கூடாது என்பது மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த சில வாரங்களில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் நடந்த பேச்சுகளில் ஐந்து யோசனைகள் அடிபட்டன. எதையும் எழுதாமல் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். தமக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரமான அற்றோணித் தத்துவம் எழுதிவிட வேண்டும் என்றார் இன்னொருவர். கூட்டுக் கணக்கு, நீதிமன்றம் என்ற பேச்சுகளும் வந்தன. பெரியம்மாவே தொடர்ந்து முடிவெடுக்கட்டும், அதற்குத் துணையாக நாம் இருப்போம் என்பது என் தங்கையின் கருத்து. இதே கேள்வி இன்று தோட்டங்களில் பல வீடுகளில் எழுகிறது என்பதால், இவ்வைந்தையும் நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பீட்டுக்கு முன், எந்த முடிவுகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்க வேண்டும். சித்தம் கலங்கியவரின் சொத்தைப் பாதுகாப்பது பற்றிய நமது சட்டங்கள் காணியும் வீடும் உள்ளவர்களை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. தோட்டத்து முதியவருக்கு அவர் வாழும் லயக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறை, சொந்தமில்லை. பேர்ச்சஸ் கணக்கில் சிறு துண்டுக் காணி கிடைத்தவர்களிலும் எல்லோர் கையிலும் உறுதிப் பத்திரம் இல்லை. அவரிடம் இருப்பவை வேறு. தொழிலாளியின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேர்ந்து வளர்ந்த ஊழியர் சேமலாப நிதி, அதனோடு ஊழியர் நம்பிக்கை நிதி, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்குப் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும் சேவைக்காலப் பணம், அரசாங்கக் கொடுப்பனவு, அடகுக் கடையில் கிடக்கும் ஒரு சங்கிலி. முப்பது வருடச் சேவை என்றால் 420 நாட்சம்பளம். ஆயுளில் ஒரே தடவைதான் அப்படியொரு தொகை அவர் கையில் சேரும். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதால், மறதி தலைகாட்டும் வயதில் அந்தப் பணம் பெரும்பாலும் எடுக்கப்பட்டு, வங்கியிலோ மகனின் முச்சக்கர வண்டியிலோ மாறியிருக்கும். ஆகவே எங்கள் பக்கத்தில் உரிமை என்பது, அந்த மீதித் தொகையை எவர் எடுப்பது, எந்த வைத்தியத்துக்கு உடன்படுவது, லயத்திலேயே இருப்பதா கொழும்புப் பக்கம் உள்ள மகள் வீட்டுக்குப் போவதா, காலையில் தனியே வெளியே நடக்கலாமா என்ற சின்னச் சின்ன முடிவுகளில்தான் தங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிவெடுக்கும் ஆற்றல் மின்விளக்கைப் போல ஒரேயடியாக அணைந்துவிடும் ஒன்றல்ல. அல்ஸைமர் நோயில் அண்மைய நினைவுகள் முதலில் கழன்றுபோகும். பழக்கத்தில் ஊறிய செயல்களும், மனிதர் மீதுள்ள பற்றும் வெறுப்பும் நெடுநாள் நிற்கும். காலையில் தெளிவாகப் பேசுபவர் பொழுது சாயும் நேரத்தில் குழம்பலாம். ஆயிரம் ரூபாய்க்குக் கடைச் சாமான் வாங்கத் தெரிந்தவருக்கு நிலையான வைப்பைப் புதுப்பிக்கும் நிபந்தனை புரியாமல் போகலாம். அது புரியாததால் முன்னதைச் செய்யும் உரிமையும் போய்விடாது. ஒரு குறிப்பிட்ட முடிவைப் பற்றி, சொல்லப்படுவதை விளங்கிக்கொள்கிறாரா, முடிவெடுக்கும் வரையாவது அதை மனதில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமையை எடைபோடுகிறாரா, பதிலை ஏதாவதொரு வகையில் தெரிவிக்கிறாரா என்று தனித்தனியே பார்ப்பதே இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அதோடு, தைரொயிட் குறைபாடு, பி12 விற்றமின் குறைவு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் மறதியைப் போலத் தோன்றும் அல்லது இருப்பதை மோசமாக்கும். நீரிழிவுக்காக நெடுங்காலம் மெட்ஃபோமின் எடுப்பவர்களில் பி12 குறைவதுண்டு. இவற்றைச் சோதிக்கும் முன் எந்தப் பத்திரத்திலும் எவருடைய கையெழுத்தையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாவது வழி, எதையும் எழுதாமல் பிள்ளைகளே பார்த்துக்கொள்வது. மலையகத்தில் மிகப் பரவலானது இதுதான். இதைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனமில்லை. பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் சோறு கொடுப்பதும், விடியற்காலையில் கூடையைத் தேடி எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, புறப்படும் ஓய்வுபெற்ற பாட்டியை, பாதிவழி கூடவே நடந்து பேச்சுக் கொடுத்துத் திருப்பி அழைத்து வருவதும் எந்தச் சட்டமும் தர முடியாத பாதுகாப்பு. செலவில்லை, அலைச்சலில்லை. ஆனால் இந்த வழியில் முதியவரின் விருப்பம் என்ன என்று கேட்டறிய எவருக்கும் கடமை இல்லை. ஏ.டி.எம். அட்டையும் இரகசிய எண்ணும் யாரிடம் உள்ளதோ அவரே முடிவெடுப்பவர் ஆகிவிடுகிறார். படிவத்தில் கைநாட்டு வேண்டுமென்றால் விரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்திவிடுகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவரின் விரலை வேறொருவர் பிடித்து வைத்த அடையாளம் அவருடைய சம்மதம் ஆகாது. பின்னாளில் வழக்கு வந்தால் அதைச் செய்தவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இளையவர்கள் வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய், லயங்களில் முதியவர்களும் சிறுபிள்ளைகளும் மட்டும் எஞ்சும் இந்தக் காலத்தில், அக்கம்பக்கத்துக் காவலும் முன்போல் இல்லை.

அற்றோணித் தத்துவம்தான் எங்கள் வீட்டில் அதிக ஆதரவு பெற்ற யோசனை. நொத்தாரிசு ஒருவர் முன் ஒரே நாளில் முடிந்துவிடும். 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். வங்கிகளுக்கும் பழக்கமான பத்திரம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் எழுதிக் கொடுத்துச் செல்வதால் தோட்டத்திலும் அதன் பெயர் தெரியாதவர் இல்லை. இத்தனை எளிமையும் சேர்ந்து அதன் அடிப்படைக் குறையை மறைத்துவிடுகின்றன. தத்துவம் கொடுத்தவர் தாமே அந்தக் காரியத்தைச் செய்ய வல்லவராக இருக்கும் வரைதான் அவருடைய பிரதிநிதியும் அதைச் செய்யலாம் என்பது பொதுச் சட்டத்தின் நிலை. கொடுத்தவரின் ஆற்றல் அற்றுப்போனால் தத்துவமும் அற்றுப்போகிறது. ஆற்றல் இழந்த பின்னரும் நிலைத்திருக்கும் தத்துவத்தை இங்கிலாந்து 1985ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் ஏற்படுத்தி, தனது 2005ஆம் ஆண்டின் உளத்திறன் சட்டத்தில் விரிவாக்கியது. நம் சட்டத்தில் அதற்கு நிகரான ஏற்பாடு இல்லை. மறதி நோய்க்காக எழுதப்படும் தத்துவம், நோய் முற்றி அது உண்மையில் தேவைப்படும் நாளிலேயே செல்லாக் காசாகிறது. பல குடும்பங்கள் இதை அறியாமலும், சில அறிந்தும், அதன் பிறகும் அதைக் காட்டிக் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. எழுதத்தான் வேண்டும் என்றால் பொதுத் தத்துவத்தைத் தவிர்த்து, இன்ன வங்கியில் இன்ன கணக்கின் வட்டியை எடுக்க மட்டும் என்று எல்லை கட்டிய விசேட தத்துவத்தை, அவர் தெளிவாக உள்ள காலத்தில், அதை இரத்துச் செய்யும் உரிமையையும் அவருக்கு விளக்கிய பின் எழுதலாம். முழுச் சொத்தையும் விற்கும் அதிகாரம் உட்பட அனைத்தையும் அள்ளிக் கொடுக்கும் அச்சடித்த படிவத்தில் கைநாட்டு வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கூட்டுக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு வசதியானது. அதே அளவு ஆபத்தானது, ஏனெனில் மற்றவர் ஒரே நாளில் கணக்கைத் துடைத்துவிடலாம். இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு பாதுகாப்பானது. ஆனால் முதியவருக்கு விளங்கும் ஆற்றல் போனபின் கணக்கு உறைந்துவிடக் கூடும். பின்னுரித்தாளரைப் பெயர் குறித்திருப்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நியமனம் இறப்புக்குப் பிறகுதான் பயன்படும்; வாழும் நாட்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

நீதிமன்ற வழி இவற்றுக்கு நேர்மாறானது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ், ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் என்றும் தமது கருமங்களை நடத்த இயலாதவர் என்றும் மாவட்ட நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்து, அவருடைய சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் அவரைப் பராமரிக்க ஒரு பாதுகாவலரையும் நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதே இதன் பெரும் பலம். பிள்ளைகளுக்குள் சண்டை முற்றி, ஒருவர் தாயின் பணத்தைச் சூறையாடுகிறார் என்ற நிலை வந்தால், இதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆயினும் மேல் டிவிசனிலிருந்து ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ ஒவ்வொரு தவணைக்கும் போய்வருபவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. சில இலட்சம் ரூபாய் வைப்புக்காக அந்தச் செலவைத் தாங்கும் குடும்பங்கள் குறைவு. அதைவிடப் பெரிய விலை அந்தச் சொல்லில் இருக்கிறது. பகிடி விடவும், பேரப்பிள்ளைக்குப் பொட்டு வைக்கவும், தனக்குப் பிடிக்காத மாத்திரையைத் துப்பவும் தெரிந்த ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று ஏட்டில் பதிவு செய்த பிறகு, எவரும் அவரிடம் எதையும் கேட்க மாட்டார்கள். உளநோய் பற்றிய நமது கட்டளைச் சட்டத்தின் வேர் 1873இல் இருக்கிறது. அயர்லாந்திலும் ஏறத்தாழ அதே வயதுடைய, 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருந்தது. அதை அவர்கள் கைவிட்டு, 2015இல் நிறைவேற்றிய புதிய சட்டத்தை 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் முதலில் உதவியாளர், பிறகு கூட்டாக முடிவெடுப்பவர், எதுவும் போதாதபோது மட்டும் நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதி என்று படிகள் வைக்கப்பட்டுள்ளன. நாம் இன்னும் கடைசிப் படியை மட்டுமே வைத்திருக்கிறோம்.

அந்த முதற்படிகளைச் சட்டம் தராவிட்டாலும் குடும்பம் தானே கட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் ஐந்தாவது வழி. இதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான ஆற்றல் உண்டு என்றும், அதைப் பயன்படுத்தத் தேவையான துணையை அரசு பெற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதை விளக்கி 2014இல் வெளிவந்த பொதுக் கருத்துரை, ஒருவரின் விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாத நிலையில், "அவருக்கு எது நல்லது" என்று நாம் முடிவு செய்வதற்குப் பதிலாக, அவர் வாழ்ந்த முறையிலிருந்து அவருடைய விருப்பத்தை இயன்றவரை சரியாக உய்த்துணர வேண்டும் என்கிறது. கேட்பதற்கு மென்மையான வேறுபாடு போலிருக்கும். நடைமுறையில் அது மிகக் கடினமான ஒழுக்கம்.

பெரியம்மா எங்கே வசிப்பது என்ற கேள்வியில் இதை உணர்ந்தேன். கொழும்புக்கு அருகே வத்தளையில் உள்ள மகள் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பினார். வைத்தியசாலை பக்கத்தில், லயத்துப் படிகளில் வழுக்கி விழும் பயமில்லை. நல்லது எது என்று கேட்டால் விடை வத்தளைதான். ஆனால் தண்ணீர்ப் பீலியும், கோயில் மணியும், பக்கத்து மலையில் கொழுந்து எடுப்பவர்களின் பேச்சுச் சத்தமும்தான் அவருக்கு நேரத்தையும் இடத்தையும் காட்டிக்கொண்டிருக்கின்றன; மாடி வீட்டில் அவை இல்லை. என் தங்கை அவரிடம் "எங்கே இருக்க விருப்பம்?" என்று பொதுவாகக் கேட்கவில்லை. காலை தேத்தண்ணிக்குப் பிறகு, இரண்டு வீடுகளின் படங்களையும் கையில் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வியாகக் கேட்டார். மூன்று நாள் கழித்து அதே கேள்வியை, படங்களை இடம் மாற்றிக் கேட்டார். பதில் மாறவில்லை. பிறகு இரண்டு வாரம் வத்தளையில் தங்கிப் பார்த்தார்கள். எட்டாம் நாள் முதல் பெரியம்மா இரவில் தூங்கவில்லை. அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டோம்.

மேலே சொன்ன எந்தப் பத்திரமும் இந்தக் கேள்விக்கு உதவியிருக்காது. அற்றோணித் தத்துவமும் கூட்டுக் கணக்கும் பணத்தைப் பற்றியவை. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும்போதும் பெரும்பாலும் அருகில் நிற்கும் உறவினரிடமே தாளை நீட்டுகிறார்கள். அந்த இடத்தில் "முதலில் அவங்ககிட்டக் கேளுங்க சேர்" என்று சொல்ல ஒருவர் இருப்பதே பெரிய துணை.

துணையின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், நாம் எழுதி வைக்கும் விருப்பக் குறிப்பை வங்கி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. துணை நிற்பவரே தம் விருப்பத்தை முதியவரின் வாயில் திணிக்கலாம். ஆகவே துணையாளர் இருவராவது இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது அந்தப் பணத்தில் எதிர்பார்ப்பு இல்லாதவராக இருப்பது நல்லது. தோட்டத்தில் அத்தகையவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை: கூடவே ஒரே நிரையில் கொழுந்தெடுத்த தோழி, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர், கோயில் கமிட்டியில் நம்பிக்கையான ஒருவர். தொழிற்சங்கத் தலைவரைக் கூப்பிடலாம் என்ற யோசனைக்கு எங்கள் வீட்டில் ஒருமித்த எதிர்ப்பு இருந்தது. அதன் காரணத்தை இங்கே விரிக்கவில்லை. பிள்ளைகள் முற்றாகக் கைவிட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புக் கோரலாம். பிரதேச செயலகத்தில் அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் தொடங்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு இடத்தில் எல்லாம் வந்து முட்டும்: முதியவருக்கு ஆற்றல் உண்டா இல்லையா என்று சொல்லும் வைத்தியப் பரிசோதனை. 1975இல் வெளிவந்து உலகெங்கும் பயன்படும் 30 புள்ளிச் சோதனையொன்று, திகதி கேட்கும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும், ஒரு வசனம் எழுதவும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் சொல்லும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு மலைக்குப் போன பெண்ணுக்கு இது மறதியை அளக்கும் சோதனையா, படிப்பை அளக்கும் சோதனையா? பள்ளிப்படிப்புக் குறைந்தவர்களின் புள்ளிகள் அதில் குறையும் என்பது நன்கு அறியப்பட்டது. அதோடு மொழியும் சேர்கிறது. மறதி நோயில் பின்னாளில் கற்ற மொழி பெரும்பாலும் முதலில் நழுவும். முப்பது வருடம் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசியவர், சிங்களத்தில் கேட்கும் வைத்தியரின் முன் விழித்துக்கொண்டு நிற்கலாம். அதே பெரியம்மாவிடம் "எத்தனை கிலோவுக்கு ஒரு பேர், குறைஞ்சா என்ன போடுவாங்க?" என்று தமிழில் கேட்டபோது, அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கணக்கையும் சரியாகச் சொன்னார். ஆகவே மதிப்பீட்டுக்குப் போகும்போது தமிழில் கேட்குமாறு கோருவதும், கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் கொண்டு போவதும், காலை நேரத்தைக் கேட்டு வாங்குவதும், பத்திரத்தில் "ஆற்றலற்றவர்" என்று மொட்டையாக எழுதாமல் எந்த முடிவுக்கு என்று குறிக்கச் சொல்வதும் குடும்பத்தின் வேலை. அந்த ஒரு தாள் தவறினால் மற்ற எல்லாமே தவறிவிடும்.

சொந்தக் காணியோ வீடோ உள்ளவர்களுக்கு மரணசாசனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். ஆரம்ப நிலையிலேயே, அதே நாளில் பெற்ற வைத்தியரின் குறிப்போடு எழுதினால் பின்னாள் சச்சரவு குறையும். உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிப் பிள்ளைக்கு மாற்றுவதைவிட இது மேல். உறுதி கொடுத்த கையோடு தாய் விருந்தாளியாகிப்போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கடைசியில் ஒரே வழி என்று எதையும் தேரவில்லை. தெளிவான ஒரு காலைப்பொழுதில், வைப்பின் வட்டி மாதந்தோறும் தானாகவே சேமிப்புக் கணக்கில் விழுமாறு பெரியம்மா தாமே வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். வைப்பின் முதற்பணத்தை எடுக்க அவரும் என் தங்கையும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று ஆக்கினோம். அது ஒருநாள் உறையும் என்று தெரியும், அன்றைக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும், அதற்கான வைத்தியத் தாள்களை இப்போதே கோவையில் அடுக்கி வைத்திருக்கிறோம். அற்றோணித் தத்துவம் எழுதவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அவருடைய பழைய தோழி இரண்டாவது துணையாளர்.

விருப்பங்களை எழுத ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் திகதியும், கேட்டவரின் பெயரும், கேட்ட நேரமும் பக்கத்தில் உண்டு. சித்திரையில் "செத்தா எரிக்க வேணாம், பொதைக்கணும்" என்று சொன்னார். ஆடியில் "எரிச்சிருங்க, மழையில குழி நெறையும்" என்றார். இரண்டையும் அழிக்காமல் விட்டிருக்கிறோம். மழை ஓய்ந்த ஒரு காலையில் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.